பேய் வரலாம், காரணத்தோடு வரவேண்டும்

பள்ளி நூலகம் என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் கடைவாய்ப்பல். ஆண்டிறுதி ஆசிரியர் கூட்டத்தன்று அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மருத்துவ விடுப்புக்கு எம்.சி. எடுத்து, ஈப்போவில் வீட்டில் படுத்திருந்தேன். எங்கள் பள்ளியில் யாரும் கேட்டு வாங்காத பொறுப்புகள் எல்லாம் கூட்டத்துக்கு வராதவர்களுக்குத்தான் போகும். வீங்கிய கன்னத்தோடு வாட்சப்பைத் திறந்தால் "வாழ்த்துகள் டீச்சர்" என்று வரிசையாகக் கும்பிட்ட கைகள். யாரையாவது போனில் கூப்பிட்டு எதற்கு என்று கேட்க வாயைத் திறக்க முடியவில்லை. பள்ளிக்குத் திரும்பிய அன்று தலைமையாசிரியர் ஒரு சாவியைக் கையில் வைத்தார். "உங்களுக்குத்தான் டீச்சர் இது பொருத்தமா இருக்கும். நீங்க கொஞ்சம் அமைதியான ஆளு" என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் மறுக்க முடியவில்லை.

எங்கள் பள்ளி சிம்பாங் பூலாய்ப் பக்கம் இருக்கிறது. ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு பால்மரம்கூட இல்லை. வீடமைப்பும் டயர் கடைகளும் ஒரு பெரிய பேரங்காடியும் வந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போ அடுக்குமாடிகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள்.

நூலகத்தைத் திறந்தேன். பாதி அறையை விளையாட்டுச் சாமான்கள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் அலமாரிகள். ஓர் அலமாரி முழுக்க இந்தப் பக்கத்து அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, கட்டுக்கட்டாக. ஒவ்வொரு தேர்தலையொட்டியும் ஒரு கட்டு வந்திருக்கும் போலிருக்கிறது; கட்டுக்குக் கட்டு அட்டைப்படத்தில் அவர் முடி கறுத்துக்கொண்டே போனது. இன்னோர் அலமாரியில் ஹோட்டல் நிர்வாகம், குழாய் பொருத்துதல், யாரோ எப்போதோ படித்த கணக்கியல் பாடநூல்கள். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் நன்கொடை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய மெத்தையை எங்கே போடுவது என்று ஒரு வாரம் யோசிப்பார்கள். பழைய புத்தகத்துக்கு அந்தக் கவலையே இல்லை, தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

தமிழ்க் கதைப்புத்தகங்களும் இருந்தன. அவற்றைப் பெரும்பாலும் கரையான்கள் படித்து முடித்திருந்தன. தூக்கிப் போடலாம் என்றால் முடியாது. முத்திரை குத்திய எதையும் எறிவதற்கு ஒரு குழு அமைத்து, படம் எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒப்புதல் வருவதற்குள் கரையான் மிச்சத்தையும் முடித்துவிடும். அப்புறம் எறிவதற்கு ஒன்றும் இருக்காது, வந்த ஒப்புதலைத்தான் கோப்பில் போட வேண்டும்.

அடுத்த மாதம் ஓர் அதிகாரி நூலகத்தைப் பார்வையிட வந்தார். நல்ல மனுஷி, தமிழும் மலாயும் கலந்து பேசுவார். நான் இரண்டு நாள் கூட்டிப் பெருக்கி, காற்றுப்போன பந்துகளை எல்லாம் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "பொலிசி இருக்கா டீச்சர்? நூல் தெரிவுக் கொள்கை?" என்றார்.

இல்லை என்றேன். புத்தகமே அதிகம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் பரிதாபம் கிடைக்குமே என்று.

"புத்தகம் இல்லன்னா பரவால்ல. மெதுவா வாங்கிக்கலாம். பொலிசி இல்லாம எப்படி லா?"

தலைமையாசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. கூரை ஒழுகியபோதுகூட அவர் அப்படி வெளுத்ததில்லை.

அந்த வாரமே குழு அமைந்தது. தலைமையாசிரியர், நான், நன்னெறி ஆசிரியை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். குழுவில் சமயச் சமநிலை இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் பதிலாகத் தேவாலயத்துக்குப் போகிறவள் என்பதால் அந்தச் சமநிலையும் என் தலையிலேயே விழுந்தது.

சங்கத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லோரிக்காரர். கல்லுமலையை வெட்டும் குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு போகும் லோரி. அவரே முதலாளி, அவரே ஓட்டுநர். மீசையிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். பள்ளிக்கூட வேலி சாய்ந்தால் யாரையும் கேட்காமல் சிமெண்டோடு வந்து நிற்பார். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது, என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

கொள்கையை எழுதுவது எளிதாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வேறொரு பள்ளியின் கொள்கையை அனுப்பி வைத்தார். பள்ளியின் பெயரை மாற்றி, மலாயிலிருந்து தமிழாக்கினால் வேலை முடிந்தது. எந்த நூல்களைச் சேர்க்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் குழுதான் கூடி முடிவுசெய்ய வேண்டும். அங்கேதான் எல்லாருக்கும் உற்சாகம் வந்தது.

"என் ஆசை ஒண்ணே ஒண்ணுதான்" என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "புத்தகத்தால எனக்கு யார்கிட்டேருந்தும் போன் வரக்கூடாது."

இதை "நிர்வாகத்துக்கு இடையூறு விளைவிக்காத நூல்கள்" என்று எழுதிக்கொண்டேன்.

நன்னெறி ஆசிரியை, பொய் சொல்லும் பிள்ளைகள் வரும் கதை வேண்டாம் என்றார்.

"கடைசியில அந்தப் பிள்ளைக்குத் தண்டனை கிடைச்சா?" என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் எத்தன பிள்ளைங்க படிக்கும் டீச்சர்? பொய்ய மட்டும் கத்துக்கிட்டுப் பாதியில மூடிரும்."

அப்புறம் பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பிள்ளைகள் வேண்டாம் என்றானது. குடிக்கும் அப்பா, அழும் அம்மா, கடன், காதல் வேண்டாம். மிருகங்களுக்கிடையில் காதல்? அதுவும் வேண்டாம். சாமி வந்தால் சில பெற்றோர் கேட்பார்கள், சாமியே வராவிட்டால் வேறு சில பெற்றோர் கேட்பார்கள். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "உங்க பக்கத்துல என்ன சொல்லுவாங்க டீச்சர்?"

"எங்க பக்கத்துல யாரையும் கேட்டுட்டு வரல சார்" என்றேன்.

பன்றி வரும் படப்புத்தகம் ஒன்று இருந்தது. அதை வைத்தால் மலாய் ஆசிரியை மனம் நோவார் என்று கால்மணி நேரம் கவலைப்பட்டார்கள். அவர் தற்செயலாக வாசலைக் கடந்தபோது தலைமையாசிரியர் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கும் குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர் புத்தகத்தைப் புரட்டிச் சிரித்து, "தா அப்பா லா சார்" என்று, பரவாயில்லை என்பதை மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கே ஒன்றுமில்லை என்றான பிறகும் அவருக்காகப் பன்றி நீக்கப்பட்டது.

இதுவரைக்கும் பேசாமல் இருந்த சங்கத் தலைவர் மேசையைத் தட்டினார். "பேயி கூடவே கூடாது. என் மக நாலாம் ஆண்டு. பேய்க்கதை கேட்டா பாத்ரூம்புக்குத் தனியாப் போக மாட்டேங்குறா. பேயிக்கு நான் சைன் போட மாட்டேன்."

இத்தனையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். காலையில் பல் துலக்கும் சிறுவன் ஒருவன் மிஞ்சினான். மரம் நடும் சிறுமி ஒருத்தி, காய்கறி சாப்பிடச் சொல்லும் முயல், அப்புறம் அந்த அரசியல்வாதி.

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஒரு விதியை நான் நுழைத்தேன். எந்த நூலையும் சேர்ப்பதற்கோ ஒதுக்குவதற்கோ முன்னால், குழு உறுப்பினர் இருவராவது அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும். என் கணக்கு எளிமையானது. இவர்கள் ஒருவரும் படிக்க மாட்டார்கள். படிக்காததால் ஒதுக்கவும் முடியாது. நான் எனக்குப் பிடித்ததையெல்லாம் மெல்ல உள்ளே தள்ளிவிடலாம். தலைமையாசிரியருக்கு விதி பிடித்துப்போனது. "பாக்கக் கனமா இருக்கு" என்றார்.

மானியத்தில் புதுப் புத்தகங்கள் வந்து இறங்கின. ஈப்போ லிட்டில் இந்தியா கடையில் நானே நின்று பொறுக்கியவை. பழையதில் மிஞ்சியவற்றையும் சேர்த்து விதிப்படி பங்கு பிரித்தோம். தலைமையாசிரியர் தம் பங்கை அறையில் வைத்துக்கொண்டு, மறுநாள் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நன்னெறி ஆசிரியை அட்டைப்படங்களைப் படித்தார். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது, சங்கத் தலைவர் வரும்வரை.

"இங்க சைன் போட்டாப் போதும்ணே" என்று பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "படிக்காம எப்படி டீச்சர் போடறது? ஒரு தடவ லோரிய எடை போடுற தீம்பாங்ல எடையப் பாக்காம சைன் போட்டு மாட்டிக்கிட்டேன். அதுலேருந்து எதுவா இருந்தாலும் பாத்துட்டுத்தான்." ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய், லோரியின் முன்னிருக்கையில் வைத்தார்.

போகும்போது ஒன்று சொன்னார். அவர் படித்த தோட்டப் பள்ளியில் கண்ணாடி வைத்த புத்தக அலமாரி ஒன்று இருந்ததாம். அவர் ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை அது பூட்டியே இருந்ததாம். "கிழிச்சிருவோம்னு தெறக்க மாட்டாங்க. வெளிய நின்னு அட்டையை மட்டும் பாப்போம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருடைய அறிக்கைகள் வாட்சப்பில் குரல்பதிவுகளாக வரத் தொடங்கின. குவாரியில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும் நேரத்தில் அவர் படித்தார். ஒவ்வொரு பதிவிலும் பின்னால் என்ஜின் உறுமும், யாராவது ஹாரன் அடிப்பார்கள்.

முதல் பதிவு: "டீச்சர், இந்தக் கதையில அப்பன் குடிக்கிறான். பொலிசியில குடி கூடாதுன்னு போட்டிருக்கோம். வேணாம், ஒதுக்கிருங்க."

சரி என்று எழுதி வைத்தேன். மதியம் இன்னொன்று வந்தது. "டீச்சர், பொறுங்க. இன்னும் முழுசா முடிக்கல. அவசரப்பட்டு எழுதிறாதீங்க."

அடுத்த நாள்: "முடிச்சிட்டேன் டீச்சர். அவன் கடைசி வரைக்கும் திருந்தவே இல்ல. நானும் திருந்துவான் திருந்துவான்னு பாத்தேன். ஆனா அதான் நெசம் லா. எங்க லயத்துல எவன் திருந்தினான்? புத்தகத்த வைங்க."

பல் துலக்கும் சிறுவனைப் பற்றியும் பதிவு வந்தது. "இதுல கதையே இல்ல டீச்சர். எந்திரிக்கிறான், பல்லு விளக்குறான், குளிக்கிறான், ஸ்கூலுக்குப் போறான். நானும் பக்கத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறேன். அப்புறம்? அப்புறம் ஒண்ணுமே இல்ல. யார் இத அச்சடிச்சது?"

அந்தப் புத்தகத்துக்கு நன்னெறி ஆசிரியை ஏற்கெனவே "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டாம் கூட்டம் போர்க்களமானது. சங்கத் தலைவர் புத்தகங்களை இரண்டு அடுக்காக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லொழுக்கத்துக்காக நாங்கள் ஒருமனதாக ஏற்றதையெல்லாம் அவர் தள்ளினார். மரம் நட்ட சிறுமியை, "மழை பெய்யுறப்ப எதுக்கு இவ தண்ணி ஊத்துறா?" என்று தள்ளினார். பிறகு அந்த அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தார்.

"இவரு பொறந்தாரு, படிச்சாரு, சேவை செஞ்சாரு, மறுபடியும் சேவை செஞ்சாரு. ஒரு தடவகூடத் தடுக்கி விழலியே டீச்சர்? ஒரு மனுசன் இப்படி இருப்பானா?"

தலைமையாசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். "அண்ணே, மெதுவா. அவரு ஆளுங்க அடுத்த மாசம் கூரைக்குக் காசு தர்றதாச் சொல்லியிருக்காங்க."

"கூரைக்குத் தரட்டும் சார். புத்தகம் வேற, கூரை வேற."

"ரெண்டும் ஒரே ஆளுதாண்ணே."

கடைசியில் அந்தப் புத்தகம் மட்டும் "குறிப்புதவி நூல்" என்று தனியாக வகைப்படுத்தப்பட்டது. குறிப்புதவி நூல்களை யாரும் இரவல் எடுக்க முடியாது. அரசியல்வாதிக்கும் மரியாதை, பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை. நூலக விதிகளில் இப்படிச் சில நல்ல சந்துகள் உண்டு.

பேய்ப் புத்தகம் மட்டும் திரும்பி வரவில்லை. அது ஒரு சிறு நாவல். ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக்குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பங்களாவில் ஒரு பெண் பேய். கேட்கும்போதெல்லாம் சங்கத் தலைவர், "இன்னும் பரிசோதனையில இருக்கு டீச்சர்" என்பார். ஒருநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், அந்தப் பேய்ப் புத்தகத்தத் திருப்பி வாங்கிக்குங்களேன்."

"ஏன்க்கா, பாப்பா பயப்படுதா?"

"அவ பயந்தா நான் பாத்துக்குவேன். இவரு தெனமும் அவளுக்குச் சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டுறாரு. அவ பாத்ரூம்புக்குப் போக என்னை எழுப்புறா. சரி, சின்னப் பிள்ள. இவரும் எழுப்புறாரு டீச்சர். வாசல்ல நிக்கச் சொல்றாரு."

மூன்றாம் கூட்டத்தில் பேய் பற்றிய திருத்தத்தை அவரே கொண்டுவந்தார். பேய் கூடாது என்று மேசையைத் தட்டியவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேயி வரலாம். ஆனா காரணத்தோட வரணும். அந்த பங்களாப் பொம்பளைக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அவ பிள்ளையத் தேடி வர்றா. அது நாயம். சும்மா சும்மா கதவத் தட்டிட்டு ஓடுற பேயிக்கு நான் சைன் போட மாட்டேன்."

நான் அதை அப்படியே கொள்கையில் எழுதினேன். "அமானுஷ்யப் பாத்திரங்கள் தக்க காரணத்தோடு வரவேண்டும்." எழுதும்போது சிரிப்பை அடக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கொள்கை முழுவதிலும் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதிய ஒரே வரி அதுதான்.

அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை கோப்பு தயாராக இருந்தது, கெட்டி அட்டை, பிளாஸ்டிக் உறை. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தலையை ஆட்டினார். பேயிடம் வந்ததும் நிமிர்ந்து, "இது ரொம்ப நுணுக்கமா இருக்கே" என்றார். தலைமையாசிரியர் அடக்கத்தோடு குனிந்துகொண்டார்.

"புத்தகம் எங்க?"

அலமாரிகளில் குழாய் பொருத்தும் நூல்களும் குறிப்புதவி அரசியல்வாதியும்தான் இருந்தன. மற்றதெல்லாம் பெட்டி பெட்டியாகச் சங்கத் தலைவரின் லோரியில். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "சமூகத்தின் பரிசீலனையில் இருக்கின்றன."

"பாகுஸ், ரொம்ப நல்லது!" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதன் பலனாக, காம்பாரில் நடந்த ஒரு பயிலரங்கில் எங்கள் கொள்கையை நான் படம் போட்டு விளக்கினேன். புத்தகங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முடிந்ததும் வரிசையாக வந்து பென்டிரைவை நீட்டினார்கள். இன்றைக்குப் பேராக் மாநிலத்தில் எத்தனை பள்ளிகளின் பேய்கள் காரணத்தோடு வருகின்றனவோ, எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்வதால் சங்கத் தலைவர் ஞானியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் பெரிய தொல்லையாகிவிட்டார். முன்பு எங்களுக்கிருந்த பயத்துக்கெல்லாம் ஓர் எல்லை இருந்தது. அவருடைய ரசனைக்கு எல்லையே இல்லை. கவிதைப் புத்தகங்களைக் கட்டோடு திருப்பினார்: "வரி முடியுறதுக்கு முன்னாடியே அடுத்த வரிக்குப் போயிருது டீச்சர். காகிதம் வீண்." ஒரு கதையில் லோரிக்காரர் மலையிறக்கத்தில் கியரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார். அதற்கு ஏழு நிமிடக் குரல்பதிவு. "கேமரன்மலை எறக்கத்துல இவன் பிரீ கியர்ல போறான். கதையில இவன் சாகல டீச்சர். அதான் தப்பு. செத்திருக்கணும்."

நானும் அவரும் பெரிதாக மோதிக்கொண்டது ஒரு மழைப் புத்தகத்துக்காக. எனக்கு அது உயிர். ஒரு பிற்பகல் முழுக்க மழை பெய்கிறது, ஒரு சிறுமி ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான். சொற்கள் அத்தனை அழகு. அவர் சலிப்பாக இருக்கிறது என்று ஒதுக்கினார்.

"உங்களுக்குப் பிடிக்கலன்னா பிள்ளைங்களுக்கும் பிடிக்காதாண்ணே?" என்று குரலை உயர்த்தினேன்.

"உங்களுக்குப் பிடிச்சா பிள்ளைங்களுக்கும் பிடிச்சிருமா டீச்சர்?"

பிள்ளைகளிடமே விட்டுவிடலாம் என்று முடிவானது. இத்தனை கூட்டம் போட்டோமே, அவர்களைக் கேட்கலாம் என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் ஆண்டில் நிறையப் படிக்கும் ஒரு மாணவியிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலை கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நன்றாயிருந்ததா என்று கேட்டேன். என் மனம் நோகக் கூடாது என்று யோசித்து யோசித்துப் பேசினாள்.

"நல்லாத்தான் டீச்சர் இருக்கு. ஆனா மழை மட்டும்தான் பெய்யுது."

பேய்ப் புத்தகம் இருக்கிறதா என்று அடுத்த மூச்சில் கேட்டாள். சங்கத் தலைவரின் மகள் வகுப்புகள் தாண்டி அதற்கு நல்ல விளம்பரம் செய்திருந்தாள்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சங்கத் தலைவர் தோற்றார். பெற்றோர்கள் வேன் கட்டணத்தையும் சிற்றுண்டிச்சாலை நாசி லெமாக்கையும் பற்றிப் பேச வந்திருந்தார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வாங்கும் கதைகளில் முடிவுகள் சரியில்லை என்று அரை மணி நேரம் பேசினார். வேலிக்குச் சிமெண்டு கொண்டுவந்த மனிதருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். கைகளை எண்ணிய பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கிப் போனார். நாற்காலிகளை அடுக்கக்கூட நிற்கவில்லை. எப்போதும் அடுக்கிவிட்டுத்தான் போவார்.

புதுத் தலைவர் காப்புறுதி விற்பவர், நல்ல சட்டை போடுகிறவர். புத்தகம் பழைய காலம், எல்லாம் இனி மின்னூல் என்றார். திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள், ஆறு பலகைக் கணினிகள் வந்தன. அவற்றைத் திறக்கும் கடவுச்சொல் அமைத்துக்கொடுத்தவரிடம் இருந்தது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கணினிகள் இப்போது பந்துகளோடு திரைக்குப் பின்னால் இருக்கின்றன. முத்திரை குத்தியாகிவிட்டது, எறிய முடியாது.

விழாவுக்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் திடலில் ஓடிக்கொண்டிருந்த நேரம், பழைய தலைவர் நூலக வாசலில் வந்து நின்றார். பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாள்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தார். எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகும் போகவில்லை.

"ஒரு புத்தகம் பாதியில நிக்குது டீச்சர்" என்றார். அவருடைய பெரிய குரல் எங்கே போனதோ. "இப்ப நான் கமிட்டியில இல்ல. எடுக்கலாமான்னு தெரியல."

கூடாது. குழு உறுப்பினர், ஆசிரியர், மாணவர் தவிர யாருக்கும் நூல்களை வெளியே கொடுக்கக் கூடாது. அதை எழுதியதே நான்தான். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கொள்கையை எடுத்து முதல் தடவையாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பேராக் முழுக்கப் புகழ் பெற்ற அந்தக் கொள்கையை நானும் மொழிபெயர்த்தேனே தவிர, அதுவரை முழுசாகக் கவனித்துப் படித்ததில்லை. பின்பக்கத்தில், எனக்கு அனுப்பிவைத்த பள்ளியிலிருந்து அப்படியே இறங்கி வந்த ஒரு வரி கிடந்தது. அந்தப் பள்ளி கடலோரத்தில் இருக்கிறது போலும். "சுற்றுவட்டார மீனவர் சமூகம் நூலகத்திலிருந்து நூல்களை இரவல் பெற அனுமதி உண்டு." நான் மொழிபெயர்த்திருக்கிறேன், தலைமையாசிரியர் கையெழுத்திட்டிருக்கிறார், அதிகாரி பாராட்டியிருக்கிறார். எங்கள் பள்ளியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் லூமூட் வரை பஸ் பிடிக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க மீன் பிடிப்பீங்களா?"

"ஈயக்குட்டையில எப்பவாவது தூண்டில் போடுவேன். ஏன் டீச்சர்?"

"போதும்ணே."

இரவல் அட்டையில் அவர் தொழில் மீனவர் என்று பதிவானது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"லோரிக்காரரு எப்ப டீச்சர் மீனவர் ஆனாரு?"

"கொள்கைப்படி அவருக்கு உரிமை இருக்கு சார்." பக்கத்தைக் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். இதைத் தவறென்று திருத்தினால் பயிலரங்கில் வாங்கிப்போன எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் போன் வரும். கோப்பை மூடி என்னிடமே கொடுத்தார்.

அதன்பிறகு மீனவர்கள் கூடிவிட்டார்கள். அவர் குவாரியிலிருந்து இன்னோர் ஓட்டுநரைக் கூட்டிவந்தார், அவர் ஒரு மெக்கானிக்கை. பெரியவர்களுக்கான நாவல்களை நான் வீட்டிலிருந்தும் தேவாலயத்தில் தெரிந்தவர்களிடமிருந்தும் கொண்டுவந்து ஒரு தட்டில் வைத்தேன். அவற்றுக்கு எந்தக் குழுவும் இல்லை.

போன சனிக்கிழமை நூலகத்தைப் பூட்டப் போகும் நேரம், சிற்றுண்டிச்சாலைப் பக்கம் பெரிய சத்தம். சண்டையோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய தலைவரும் அவர் நண்பரும் ஒரு நாவலின் கதாநாயகி புருஷனிடம் திரும்பிப் போனது சரியா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவ போயிருக்கவே கூடாது மச்சான்!"

"போகாம? ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவா?"

சிற்றுண்டிச்சாலை அக்கா சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார், கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்தார்.

"இருங்க, இருங்க. எந்தப் புருஷன்? அவன் என்ன பண்ணான்? மொதல்லேருந்து சொல்லுங்க."

பழைய தலைவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு இரண்டு மணிக்கு ஈப்போவில் வேலை இருந்தது. பாலில்லாமல் ஒரு தே ஓ கேட்டு வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.